வலைக்கு முன்னால் ஒரு மதராஸ் சிப்பாய்: பீட்டர் தங்கராஜ்

இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இதுவரை இரண்டே முறைதான் தங்கப் பதக்கம் வென்றிருக்கிறது. முதல் தங்கம் 1951இல் டெல்லியில், சொந்த மண்ணில் கிடைத்தது. இரண்டாவது தங்கம் 1962 செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்ட அரங்கில் கிடைத்தது. அந்த இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக இந்தியா போட்ட இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் என்பது விளையாட்டு வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். ஆனால், அந்த இரண்டு கோல்களின் மதிப்பு கரைந்துபோகாமல் மறுமுனையில் கம்பங்களுக்கு நடுவே நின்று காத்தவர் பீட்டர் தங்கராஜ் என்பதும், அவரை ஒரு கோல்கீப்பராக உருவாக்கியது தமிழ்நாட்டின் நீலகிரி மலையில் உள்ள ஒரு ராணுவ மைதானம் என்பதும் தமிழ் வாசகர்களிடையே இன்று பரவலாகத் தெரிந்த செய்திகளாக இல்லை.

இந்த மறதிக்குச் சென்னையின் மீது மட்டும் பழி போட முடியாது. திருவல்லிக்கேணியில் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலைப் பக்கத்து டீக்கடைகளில் நிற்பவர்களிடம் கேட்டால், 1986இல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட் சமனில் முடிந்ததையும், 1999இல் பாகிஸ்தானுக்கு எதிராகச் சச்சின் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா தோற்றதையும், தோற்ற பிறகும் வென்ற பாகிஸ்தான் அணிக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியதையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார்கள். கிரிக்கெட் தன் நினைவுகளை எண்களாகச் சேமித்துவைக்கும் ஆட்டம்; ஓட்டம், விக்கெட், சராசரி என்று ஒவ்வொருவருடைய வேலைக்கும் அதில் கணக்கு உண்டு. கால்பந்திலோ ஆட்டக் குறிப்பில் ஏறுவது கோல் அடித்தவரின் பெயரும் நிமிடமும் மட்டுமே என்பதால், அடிக்கவிடாமல் தடுத்தவரின் வேலை அன்றைய பார்வையாளர்களோடு மறைந்துவிடுகிறது. தொலைக்காட்சி இந்திய வீடுகளுக்கு வருவதற்கு முன் ஆடிய ஒரு கோல்கீப்பரின் வாழ்க்கையை இன்று எழுதும்போது, அவர் எந்த அணிகளுக்கு நின்றார், அந்த அணிகள் எங்கே வென்றன, அந்தக் காலத்தில் அந்த இடத்தில் நிற்பது எப்படிப்பட்ட வேலை என்பவற்றைச் சேர்த்துப் படித்துத்தான் அவரை அறிய வேண்டியிருக்கிறது.

தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தார். அவர் ஆட்டம் பழகிய செகந்திராபாத், ஹைதராபாத் நகரை ஒட்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வளர்ந்த கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி. நிஜாமின் நாட்டில் இருந்தாலும் அந்தக் குடியிருப்பின் வேர் மதராஸில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மூன்று பெரிய படைகளில் ஒன்றான மதராஸ் ராணுவத்துக்குத் தலைமையிடம், திருவல்லிக்கேணியிலிருந்து நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் புனித ஜார்ஜ் கோட்டை. அந்த ராணுவத்தின் பிரிவுகள் செகந்திராபாத்தில் நிலைகொண்டபோது சிப்பாய்களும் எழுத்தர்களும் தையற்காரர்களும் கடைக்காரர்களுமாகத் தமிழ்க் குடும்பங்கள் வடக்கே பெயர்ந்து, தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்டன. இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் ஆடிய துளசிதாஸ் பலராமும் அதே செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரே. சென்னையில் பிறக்காத இவர்களைச் சென்னை தன்னுடையவர்கள் என்று எண்ணாமல் விட்டது இயல்புதான் என்றாலும், அவர்களின் பெயர்களும் வீட்டு மொழியும் எந்த வழியாக அங்கே போயின என்று பார்த்தால், அந்த வழி கோட்டையிலிருந்தே தொடங்குகிறது.

ராணுவக் குடியிருப்புகளில் கால்பந்து ஒரு பொழுதுபோக்கு என்பதற்கும் மேலான இடத்தைப் பெற்றிருந்தது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகள் தங்களுக்குள் ஆடத் தொடங்கிய ஆட்டத்தைச் சுற்றியிருந்த சிறுவர்கள் பார்த்துப் பழகி, தங்கள் தெருக்களிலேயே சங்கங்கள் அமைத்தார்கள். தங்கராஜ் முதலில் ஆடிய மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய இரண்டும் செகந்திராபாத்தின் அத்தகைய சங்கங்கள். அதே காலத்தில் பக்கத்து ஹைதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளராகி, 1950 முதல் 1954 வரை பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அந்த அணி வெல்லும்படி செய்தார். பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளராகத் தங்கராஜை ஒலிம்பிக்குக்கும் ஆசியப் போட்டிகளுக்கும் அழைத்துச் சென்றவர் இந்த ரஹீம்தான்.

1953இல் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்து மதராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு வந்தார். குன்னூரை அடுத்த வெலிங்டனில் உள்ள இந்த மையம், 1758ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மதராஸ் ரெஜிமென்டுக்குப் புதிய சிப்பாய்களைப் பயிற்றுவிக்கும் இடம். அந்த ரெஜிமென்டின் சிப்பாயை ராணுவம் முழுவதும் "தம்பி" என்றே அழைப்பது வழக்கம். மொழி தெரியாத வடநாட்டுப் படைவீரர்களும் அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அறிவார்கள். ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், காற்று மெலிந்த மலையில், காலையில் அணிவகுப்பும் மாலையில் ஆட்டமுமாக வாழ்ந்த இளைஞர்களுக்கு உடல் உரம் தானாக வந்து சேர்ந்தது. தங்கராஜ் அங்கே வந்தபோது கோல்கீப்பராக வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவர் சென்டர் ஃபார்வர்டாக, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோல் அடிக்கும் ஆட்டக்காரராக ஆடிவந்தவர். வெலிங்டனில்தான் அவர் கம்பங்களுக்கு நடுவே மாறினார்.

இந்த மாற்றத்தின் பொருள் விளங்க, கோல்கீப்பரின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கோல் கம்பங்களுக்கு இடைப்பட்ட அகலம் 24 அடி, மேல்கம்பத்தின் உயரம் 8 அடி. ஆக, 192 சதுர அடியை ஒரே மனிதர் காக்க வேண்டும். கோட்டின் மீதே நின்றால் அவ்வளவு இடத்தையும் கைகளால் எட்ட முடியாது என்பதால், பந்தோடு ஓடிவருபவரை நோக்கி முன்னேறி, அவருக்குத் தெரியும் இடைவெளியைச் சுருக்குவது கோல்கீப்பரின் முதல் வித்தை. சீக்கிரம் முன்னேறிவிட்டால் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தாமதித்தால் மூலையைப் பார்த்து அடிப்பார்கள். எப்போது கோட்டை விட்டு வெளியே வருவது என்ற இந்த முடிவு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எடுக்கப்படுவது. அதைச் சரியாக எடுக்க, அடிப்பவரின் மனதில் அந்த நொடியில் என்ன ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். முன்வரிசையில் ஆடிப் பழகிய ஒருவருக்கு அது உள்ளிருந்தே தெரியும் என்பதால், தங்கராஜின் முதல் இடம் இரண்டாவது இடத்துக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது என்று சொல்வதில் தவறில்லை.

இரண்டாவது வித்தை உயரப் பந்து. மைதானத்தின் ஓரத்திலிருந்து கோல் முகத்தை நோக்கி வளைந்து வரும் பந்தைக் கிராஸ் என்பார்கள். அதைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ள எதிரணியினர் துள்ளுவார்கள், தடுக்கத் தன் அணியினரும் துள்ளுவார்கள், அந்த நெரிசலுக்குள் புகுந்து எல்லோருடைய தலைக்கும் மேலே கையை நீட்டிப் பந்தைப் பறிக்க வேண்டியவர் கோல்கீப்பர். ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் கொண்ட தங்கராஜ் முதன்மையாகப் பெயர் பெற்றது இந்த இடத்தில்தான். அக்காலத்துப் பந்து தோலால் தைக்கப்பட்டது. மழையில் நீரை உறிஞ்சிக் கனத்து, வழுக்கும். இன்றைய கோல்கீப்பர்கள் அணியும் பிடிப்புள்ள கையுறைகள் அப்போது வழக்கத்தில் இல்லை என்பதால், விரல்களின் பலமும் மார்போடு அணைத்துக்கொள்ளும் பழக்கமுமே துணை. எதிரணியின் முன்வரிசையினர் கோல்கீப்பர் மீது தோள் கொடுத்து மோதுவதையும் அன்றைய நடுவர்கள் இன்றைவிட அதிகமாகவே பொறுத்துக்கொண்டார்கள்.

மதராஸ் ரெஜிமென்டல் சென்டரின் அணி 1955இல் டுராண்ட் கோப்பையை வென்றது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டுராண்ட், உலகிலேயே மிகப் பழைய கால்பந்துப் போட்டிகளில் ஒன்று. தொடக்கத்தில் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளுக்கென்றே நடத்தப்பட்டு, பின்னர் டெல்லிக்கு இடம் மாறி, விடுதலைக்குப் பிறகு நாட்டின் பெரிய சங்கங்கள் எல்லாம் கலந்துகொள்ளும் போட்டியாகிவிட்டது. ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், ஹைதராபாத் காவல்துறை ஆகிய மூன்று அணிகளே அந்தப் பத்தாண்டில் மாறிமாறி வென்றுகொண்டிருந்த கோப்பையை, நீலகிரியிலிருந்து போன சிப்பாய்களின் அணி இந்திய விமானப்படை அணியை வீழ்த்தி எடுத்துவந்தது. 1958இல் கூர்க்கா பிரிகேட் அணியை வென்று அதே கோப்பையை மீண்டும் கைப்பற்றியது. இரண்டு வெற்றிகளிலும் தங்கராஜின் பங்கு இருந்தது. பட்டணத்துச் சங்கங்களுக்குப் பணமும் பத்திரிகைகளும் ரசிகர் பட்டாளமும் இருந்தன. வெலிங்டன் அணிக்கு இருந்தது ஒழுங்கான பயிற்சியும் நல்ல சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழும் வாழ்க்கையும் மட்டுமே. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கிளம்பிய அணிகள் அகில இந்திய அளவில் பெற்ற மிக உயர்ந்த வெற்றிகளில் இவையும் அடங்கும். ராணுவ அணி என்பதால் மாநிலத்தின் கணக்கில் இவை எழுதப்படுவதில்லை.

இதற்கிடையே தங்கராஜ் இந்திய அணிக்குள் வந்துவிட்டார். அவர் வந்த காலம் இந்தியக் கால்பந்து காலணி அணியக் கற்றுக்கொண்ட காலம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய ஆட்டக்காரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1952இல் ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10க்கு 1 என்று தோற்ற பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று. அடுத்த நான்கு ஆண்டுகளில் ரஹீம் அணியின் அமைப்பையே மாற்றினார். 1956இல் மெல்போர்னில் நெவில் டிசோசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை 4க்கு 2 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குப் போய், நான்காம் இடம் பெற்றது. அந்த ஒலிம்பிக் அணியில் தங்கராஜும் பம்பாயின் எஸ்.எஸ். நாராயணும் கோல்கீப்பர்களாக இருந்தார்கள். சோவியத் நாட்டின் லெவ் யாஷின் அதே போட்டியில் தங்கம் வென்ற அணிக்கு கோல் காத்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். கோல்கீப்பர் கோட்டில் ஒட்டிக்கொண்டு நிற்காமல் தன் எல்லைப் பகுதி முழுவதையும் ஆளவேண்டும் என்ற புதிய எண்ணத்தை உலகுக்குக் காட்டியவர் யாஷின், அதே எண்ணத்தின் இந்திய உருவமாக வளர்ந்தவர் தங்கராஜ்.

1958இல் டோக்கியோவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா பதக்கம் பெறாமல் நான்காம் இடத்தில் நின்றது; ஆயினும் அந்த ஆண்டு ஆசியாவின் சிறந்த கோல்கீப்பராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் தங்கராஜ். அப்போது அவருக்கு வயது 22. பின்னர் இரண்டு முறை ஆசியாவின் நட்சத்திர அணியிலும் இடம்பெற்றார். 1960இல் மாநில அணிகளுக்கும் நிறுவன அணிகளுக்கும் இடையிலான தேசியப் போட்டியான சந்தோஷ் கோப்பையில் முப்படைகளின் கூட்டணியான சர்வீசஸ் முதன்முறையாக வென்றபோது அந்த அணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. கோல்கீப்பரைத் தலைவராக்குவது அரிது, ஏனெனில் நடுவரோடு பேசவும் ஆட்டத்தின் போக்கை மாற்றவும் தலைவர் பந்துக்கு அருகில் இருக்க வேண்டும் என்று கருதுவார்கள். அந்த வழக்கத்தை மீறிய நம்பிக்கையை அவர் பெற்றிருந்தார்.

அதே 1960இல் ரோம் ஒலிம்பிக். இந்தியா அன்றுவரை ஆடிய ஆட்டங்களிலேயே தோற்றும் தலைநிமிர்ந்த ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஒலிம்பிக் கால்பந்தில் சம்பளம் வாங்காத ஆட்டக்காரர்களே கலந்துகொள்ளலாம் என்ற விதி அப்போது இருந்தது. கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் ஆட்டக்காரர்கள் பெயரளவில் ராணுவத்திலோ தொழிற்சாலையிலோ பணியாளர்களாக இருந்து முழுநேரமும் பந்து ஆடியதால், அந்த நாடுகளின் மிகச் சிறந்த அணிகளே ஒலிம்பிக்குக்கும் வந்தன. ஆகஸ்ட் 26 அன்று இந்தியா எதிர்கொண்ட ஹங்கேரி அத்தகைய அணி. அதில் ஆடிய ஃப்ளோரியன் ஆல்பர்ட் 1967இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர். அந்த அணியிடம் இந்தியா 2க்கு 1 என்ற கணக்கில்தான் தோற்றது. இந்தியாவின் கோலைப் பலராம் அடித்தார். மூன்று நாள் கழித்து பிரான்ஸுக்கு எதிராக பி.கே. பானர்ஜி அடித்த கோலோடு முன்னிலையில் இருந்து, இறுதிக்கட்டத்தில் ஒரு கோல் வாங்கி 1க்கு 1 என்று சமன் செய்தது. பெருவிடம் 3க்கு 1 என்று தோற்று வெளியேறியது. மூன்று ஆட்டங்களிலும் கோல் காத்தவர் தங்கராஜ். எட்டு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய நாடு, பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இரண்டே கோல் வாங்கியது என்றால், அந்த எட்டின் வித்தியாசத்தில் காலணிக்கும் ரஹீமின் பயிற்சிக்கும் பங்குண்டு. கோலில் நின்றவருக்கும் பெரும் பங்குண்டு. பதக்கப் பட்டியலில் இல்லாத இந்தத் தோல்வியை இந்தியக் கால்பந்தின் உயர்ந்த நாட்களில் ஒன்றாகக் கொள்வதே நியாயம்.

ஜகார்த்தாவின் கதை அரசியலில் தொடங்குகிறது. 1962இல் போட்டியை நடத்திய இந்தோனேசியா, இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் நுழைவு மறுத்தது. எல்லா உறுப்பு நாடுகளும் இல்லாத போட்டியை ஆசியப் போட்டி என்று அழைக்கலாகாது என்று இந்தியாவின் மூத்த ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி கேள்வி எழுப்ப, அது இந்தோனேசியாவின் தன்மானத்தைப் புண்படுத்தியதாகக் கருதப்பட்டு, நகரம் முழுவதும் இந்திய எதிர்ப்பு கிளம்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய ஆட்டக்காரர்கள் வெளியே போவதற்கே அஞ்சவேண்டியிருந்தது. அரங்கில் இந்தியாவின் தேசிய கீதத்துக்கே கூச்சல் எழுந்தது. இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்களில் பாகிஸ்தானின் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பது அந்த நாளைப் பற்றி ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் மறவாமல் சொன்ன செய்தி. சேப்பாக்கத்தில் 1999இல் நடந்ததற்கு முப்பத்தேழு ஆண்டுகள் முந்திய மறுபக்கம் என்று அதைச் சொல்லலாம்.

ஆட்டத்தின் கணக்கிலும் இந்தியாவுக்கு வழி எளிதாக இருக்கவில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2க்கு 0 என்று தோற்று, பிறகு தாய்லாந்தை 4க்கு 1, ஜப்பானை 2க்கு 0 என்று வென்று, அரையிறுதியில் தென்வியட்நாமை 3க்கு 2 என்று தாண்டித்தான் இறுதிக்கு வந்தது. தடுப்பாட்டக்காரரான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்; ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றினார். தங்கராஜோ ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக வங்கத்தின் பிரத்யோத் பர்மன் கோல் காத்துவந்தார். இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் செய்த துணிச்சலான முடிவுகளில் ஒன்று, காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜை மீண்டும் கோலில் நிறுத்தியது. கொரியர்கள் உயரப் பந்துகளை நம்பி ஆடுபவர்கள், முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை வென்றவர்கள். அவர்களுக்கு எதிராகத் தலைகளுக்கு மேலே கை நீளும் ஒருவர் தேவை என்று பயிற்சியாளர் கணித்தார்.

இந்தியா அன்று ஆடியது 4-2-4 என்ற அமைப்பில். பின்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நான்கு பேர் என்பது அதன் பொருள். 1958 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்றது இந்த அமைப்போடுதான். ரஹீம் அதை ஆசியாவில் முன்னோடியாகக் கையாண்டவர்களில் ஒருவர். 17ஆவது நிமிடத்தில் பானர்ஜியும் 20ஆவது நிமிடத்தில் தையல் போட்ட தலையோடு ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தார்கள். அதன்பின் மீதமிருந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல். இரண்டு கோல் பின்தங்கிய அணி இழப்பதற்கு ஒன்றுமில்லாமல் முழுமையாக முன்னேறி வரும், முன்னிலையில் இருக்கும் அணி தன்னையறியாமல் பின்வாங்கும். அந்த நேரத்தில் ஆட்டத்தின் பாரம் முழுவதும் கோல்கீப்பரின் பகுதிக்கு வந்து சேர்கிறது. அருண் கோஷும் சந்திரசேகரும் முன்னால் நின்று தடுக்க, மைதானம் முழுவதையும் தன் கண்ணெதிரே காணும் ஒரே ஆளான கோல்கீப்பர் யாரை யார் பிடிக்க வேண்டும் என்று கத்திச் சொல்லவேண்டியவர். ஒரு லட்சம் பேரின் கூச்சலில் பத்தடிக்கு அப்பால் குரல் எட்டாது. இந்நிலையிலும் கொரியாவின் கோல் 85ஆவது நிமிடம்வரை விழவில்லை. ஆட்டம் 2க்கு 1 என்று முடிந்தது. இந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத அறுபத்தைந்து நிமிடங்கள்தான் தங்கராஜின் வாழ்க்கைச் சாதனை. அந்த அணியை உருவாக்கிய ரஹீம் புற்றுநோயோடு ஜகார்த்தா சென்றவர். அடுத்த ஆண்டு ஜூன் 11 அன்று மறைந்தார். 2024இல் வெளியான "மைதான்" என்ற இந்தித் திரைப்படம் அவரது வாழ்க்கையைச் சொல்வது. அதில் தங்கராஜும் ஒரு பாத்திரமாக வருகிறார்.

ராணுவத்திலிருந்து வெளியே வந்த தங்கராஜை இயல்பாகவே கொல்கத்தா இழுத்துக்கொண்டது. அந்நகரின் மூன்று பெரிய சங்கங்களான முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகியவற்றின் ரசிகர்கள் ஒருவரையொருவர் ஏற்பதில்லை. மதமும் பூர்வீகமும் பிரிவினைக் கால இடப்பெயர்வும் அந்தப் பகைமைக்குள் கலந்திருக்கின்றன. மூன்று சங்கங்களுக்கும் ஆடி, மூன்றின் ரசிகர்களிடமும் மதிப்புப் பெறுவது சிலருக்கே வாய்த்தது. தங்கராஜ் அவர்களில் ஒருவர். சேறும் மழையுமான கொல்கத்தாப் பருவகாலத்தில் கோல் காப்பது வெலிங்டனின் புல்தரையில் காப்பதிலிருந்து முற்றிலும் வேறானது, ஆனாலும் அவர் அங்கே ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்றார். 1964இல் இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணியிலும், 1966இல் பாங்காக் ஆசியப் போட்டிக்குப் போன அணியிலும் அவர் இருந்தார். ஆசியக் கோப்பையில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றுவரை அந்த 1964இன் இரண்டாம் இடம்தான். 1967இல் அவருக்கு அர்ஜுனா விருது வழங்கப்பட்டது. ஆட்டத்தை விட்ட பிறகு எஃகு ஆலை நகரமான பொகாரோவில் வாழ்ந்து, இளைஞர்களுக்குக் கால்பந்து பயிற்றுவித்து, 2008 நவம்பர் 24 அன்று, 73ஆவது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கையில் அங்கேயே காலமானார்.

ஒரு ஊரில் பிறந்து, வேறு ஊரில் ஆட்டம் பழகி, மற்றொரு மாநிலத்தில் புகழ் பெற்று, நான்காவது ஊரில் கண்மூடிய ஒருவரை எந்த ஊரும் தன் பிள்ளை என்று கொண்டாடுவதில்லை. ஹைதராபாத் அவரை மதராஸ் ரெஜிமென்ட்காரர் என்று பார்த்தது. கொல்கத்தாவுக்கு அவர் வெளியூர் ஆட்டக்காரர். தமிழ்நாட்டுக்கோ அவர் மாநில அணிக்கு ஆடாதவர். தமிழ்நாடு மாநில அணி சந்தோஷ் கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. 2012இல் இறுதிக்குப் போய் 3க்கு 2 என்று தோற்றதும், தங்கராஜ் ஒரு காலத்தில் தலைமை தாங்கிய அதே சர்வீசஸ் அணியிடம்தான். கால்பந்து இங்கே இல்லாமல் போகவில்லை. வியாசர்பாடியும் காசிமேடும் பெரம்பூரும் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களைத் தந்துவருகின்றன, சென்னையின் எஃப்.சி. 2015இலும் 2018இலும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது, சென்னை சிட்டி எஃப்.சி. 2018-19இல் ஐ-லீக் பட்டம் பெற்றது. இவற்றின் ரசிகர்கள் பிரேசில், அர்ஜென்டினா கோல்கீப்பர்களின் பெயர்களை மனப்பாடமாக அறிந்தவர்கள்.

திருவல்லிக்கேணிக்குக் கிழக்கே, காமராஜர் சாலையைத் தாண்டிய மணலில், மாலைவேளையில் செருப்புகளைக் கோல் கம்பங்களாக வைத்து ஆடும் பிள்ளைகளைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: கோலில் நிற்க யாரும் முன்வருவதில்லை, வயதில் சின்னவனோ, ஓடமுடியாதவனோ, கடைசியில் வந்து சேர்ந்தவனோதான் அங்கே தள்ளப்படுகிறான். மணல் மெத்தென்று இருப்பதால் பாய்ந்து விழப் பழக அதைவிட நல்ல இடம் நகரத்தில் வேறில்லை. இருந்தும் பாய்வதை முறையாகக் கற்றுத்தர அங்கே ஆள் இல்லை. மாவட்ட அளவிலும் பள்ளி அளவிலும் கால்பந்துப் பயிற்சி என்றால் ஓட்டமும் உதையும் என்றே இருக்கிறது. கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் வைத்திருக்கும் பள்ளிகள் மிகக் குறைவு. சென்டர் ஃபார்வர்டாக வந்த ஓர் இளைஞனின் உயரத்தையும் கைகளையும் பார்த்து, இவன் நிற்கவேண்டிய இடம் வேறு என்று கண்டுகொண்ட கண்கள் வெலிங்டனில் இருந்தன. அத்தகைய கண்கள் ஒவ்வொரு மைதானத்திலும் வேண்டும்.

தங்கராஜ் ஆடிய காலத்தின் படச்சுருள்கள் மிகக் குறைவு. ஆனால், 1950களில் வெலிங்டனில் பணிபுரிந்த தமிழ்ச் சிப்பாய்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலும் வேலூரிலும் நீலகிரியிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் ரெஜிமென்ட் அணியின் குழுப்படமோ, டுராண்ட் வெற்றியைச் சொல்லும் நாளிதழ்த் துண்டோ, ஆட்ட நிகழ்ச்சிநிரலோ மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அவற்றைப் பழைய காகிதமாகப் போட்டுவிடாமல், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பிடங்களுக்கோ, வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்கோ, படத்தின் பின்புறம் இருப்பவர்களின் பெயரும் ஆண்டும் எழுதி ஒப்படைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பின்வரிசையில், எல்லோரையும்விட உயரமாக நிற்பவர் யார் என்று இன்றும் அடையாளம் காட்டக்கூடிய முதியவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.